5ஜி நெட்வொர்க்கில் உங்கள் நிரலுக்கு எந்த இடம்? ஏபிஐ, ஸ்லைஸ், சொந்த கோர், ரிக்: ஓர் ஒப்பீடு

5ஜி நெட்வொர்க்கை நம் தேவைக்கேற்ப நிரல் எழுதி மாற்றலாம் என்று ஆபரேட்டரின் விற்பனைப் பிரிவு சொல்கிறது. தனியார் 5ஜி விற்பவர்களும் ஆய்வுக் கட்டுரைகளும் அதையேதான் சொல்கின்றன. எல்லோரும் சொல்வது உண்மைதான். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொருவரும் கை காட்டும் இடம் வேறு. ஆபரேட்டர் காட்டுவது வெளியிலிருந்து அழைக்கும் ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை கேட்கும் வழி. தனியார் 5ஜி விற்பவர் காட்டுவது உங்கள் வளாகத்திலேயே ஓடும் கோர், அதாவது சந்தாதாரர்களையும் இணைப்புகளையும் நிர்வகிக்கும் நெட்வொர்க்கின் மையம். ஆய்வாளர் காட்டுவது ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்காரும் ரிக், அதாவது அந்த ரேடியோவை வழிநடத்தும் கட்டுப்பாட்டு மென்பொருள். நிரலை எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து செலவு, உரிமம், தேவைப்படும் ஆட்கள், கிடைக்கும் பலன் அத்தனையும் மாறிவிடும்.

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களை மூன்று வகையாகப் பார்க்கிறேன். முதலாவது கல்லூரி ஆய்வகம். 2023 அக்டோபரில் நாடு முழுவதும் 100 கல்வி நிறுவனங்களுக்கு 5ஜி பயன்பாட்டு ஆய்வகங்கள் வழங்கப்பட்டபின் இந்த வகையினர் அதிகமாகிவிட்டார்கள். இரண்டாவது, தானியங்கி வண்டிகளும் கேமராக்களும் ஓடும் தொழிற்சாலையின் ஐடி குழு. மூன்றாவது, ஓடிபி மோசடியால் அவதிப்படும் கட்டணச் செயலியை நடத்தும் சிறு நிறுவனம். மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. தவறான அடுக்கில் இறங்கிய குழுவின் ஓராண்டு உழைப்பு அப்படியே வீணாகும். அதிலும் அது மாணவர்களின் இறுதியாண்டு உழைப்பாக இருந்தால் எனக்கு மனசே ஆறாது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. உங்கள் நிரல் எடுக்கும் முடிவு எவ்வளவு நேரத்துக்குள் நெட்வொர்க்கில் நடந்தாக வேண்டும்? இரவு இரண்டு மணிக்கு அது விழுந்தால், திருத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கும்?

நேரக் கணக்கு

நம் ஊரில் 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3.3 கிகாஹெர்ட்ஸ் பகுதியில், துணை அலைகளுக்கிடையே 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இயங்கும் ரேடியோவுக்கு ஒரு ஸ்லாட், அதாவது ஒரு நேரத்துண்டு, 0.5 மில்லிவினாடி. எந்த போனுக்கு எத்தனை ரேடியோ பிளாக் (அலைவரிசைத் துண்டு) என்பதை பேஸ் ஸ்டேஷனின் (டவரின் ரேடியோக் கருவி) ஷெட்யூலர் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் தீர்மானிக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால் பங்கு போட 273 பிளாக்குகள். 20 மெகாஹெர்ட்ஸ் என்றால் வெறும் 51. இந்த வேலைக்குள் வெளியார் யாரும் கை வைப்பதில்லை.

அதற்கு மேலே இருப்பது, ரேடியோ பகுதியைத் திறந்த முறைக்கு மாற்ற முனையும் தொழில் கூட்டமைப்பான ஓ-ரான் அலையன்ஸ் வரையறுத்த ரிக். அதில் இரண்டு உண்டு: 10 மில்லிவினாடி முதல் 1 வினாடி வரையிலான சுற்றில் இயங்குவது ஒன்று, 1 வினாடிக்கு மேற்பட்ட சுற்றில் இயங்குவது இன்னொன்று. முதலாவதில் ஓடும் செயலிகளை எக்ஸ்ஆப் என்றும் இரண்டாவதில் ஓடுபவற்றை ஆர்ஆப் என்றும் அழைக்கிறார்கள். கோரில் கொள்கை மாற்றம் செய்தால் அது சிக்னலிங் (கட்டுப்பாட்டுச் செய்திகள்) வழியாகப் போய்ச் சேரும். அது ஒரு சந்தாதாரருக்கோ ஓர் இணைப்புக்கோ செய்யும் மாற்றம், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் செய்வது அன்று. ஏபிஐ இன்னும் தள்ளி நிற்கிறது. அங்கே அங்கீகாரம், ஒப்புதல், ஆபரேட்டரின் உள் அமைப்புகள் எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும்.

உங்கள் தேவையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். ஒரு கேமராவின் வீடியோவுக்கு முன்னுரிமை தருவது வினாடிக் கணக்கு வேலை. அதற்கு எக்ஸ்ஆப் தேவையில்லை. கூட்டம் மிகுந்த செல்லிலிருந்து (ஒரு ரேடியோவின் பரப்பிலிருந்து) போன்களைப் பக்கத்து செல்லுக்கு மாற்றுவது எக்ஸ்ஆப்புக்கே உரிய வேலை. அதைக் கோரிலிருந்து செய்யவே முடியாது.

எப்படி இங்கு வந்தோம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த ஓபன்ஃப்ளோ, ஸ்விட்ச்சின் மூளையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தது. 2012 அக்டோபரில் ஆபரேட்டர்கள் சேர்ந்து வெளியிட்ட வெள்ளை அறிக்கை, நெட்வொர்க் பெட்டிகளைச் சாதாரண சர்வரில் ஓடும் மென்பொருளாக மாற்றச் சொன்னது. இவ்விரண்டும், மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபியின் ரிலீஸ் 15-ல், அதாவது 2018-ல் முடிவான 5ஜி தனித்தியங்கும் (எஸ்ஏ) கட்டமைப்பில் வந்து சேர்ந்தன. அதில் கோரின் பகுதிகள் ஒன்றோடொன்று வெப் உலகின் ஹெச்டிடிபி/2 நெறிமுறை மேல் ஜேசன் என்ற எழுத்து வடிவில் பேசுகின்றன. வெப் டெவலப்பர் ஒருவர் 5ஜி கோரின் உரையாடலை வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் ஆய்வுக் கருவியில் திறந்து படித்துப் புரிந்துகொள்ள முடிவது இதனால்தான். 4ஜி காலத்தில் டயமீட்டர் நெறிமுறையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும்.

ஆபரேட்டரின் ஏபிஐ

மொபைல் ஆபரேட்டர்களின் உலக அமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2023 பிப்ரவரியில் பார்சிலோனாவில், ஆபரேட்டர்களின் ஏபிஐக்களை ஒரே மாதிரியாக்கும் ஓபன் கேட்வே முயற்சியை 21 ஆபரேட்டர்களோடு அறிவித்தது. ஏபிஐக்களை வரையறுப்பது லினக்ஸ் ஃபவுண்டேஷனில் இயங்கும் கமாரா திட்டம். இதற்கு முன்னும் பார்லே, ஒன்ஏபிஐ என்று முயற்சிகள் நடந்தன. அவை பெரிதாகப் பரவவில்லை. இந்த முறை ஓரளவு நம்பிக்கை வைக்கலாம். ஒரே வரையறையைப் பல ஆபரேட்டர்கள் ஏற்றிருக்கிறார்கள். நெட்வொர்க் கருவி நிறுவனமான எரிக்சனும் 12 ஆபரேட்டர்களும் சேர்ந்து, இந்த ஏபிஐக்களை விற்க 2024 செப்டம்பரில் அறிவித்த கூட்டு நிறுவனத்தில் ஏர்டெல், ஜியோ இரண்டும் உள்ளன. ஆனால் சந்தை மெதுவாகத்தான் நகர்கிறது. இந்தத் துறையை நம்பி எரிக்சன் 2022-ல் 6.2 பில்லியன் டாலருக்கு வாங்கிய வோனேஜ் நிறுவனத்தின் மதிப்பை, அடுத்த ஆண்டே பெருமளவு குறைத்து எழுத நேர்ந்தது.

பயனுள்ள ஏபிஐ எது, பளபளப்பான ஏபிஐ எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சிம் ஸ்வாப் ஏபிஐ முதல் வகை. ஓர் எண்ணைக் கொடுத்து, இத்தனை மணி நேரத்துக்குள் இதன் சிம் மாற்றப்பட்டதா என்று கேட்கலாம். நேரம் குறிப்பிடாவிட்டால் கமாரா வரையறைப்படி கடந்த 240 மணி நேரத்தைப் பார்க்கும். ஆம், இல்லை என்று பதில் வரும். போலி சிம் எடுத்து ஓடிபி திருடும் மோசடியைப் பணம் போகும் முன்பே தடுக்க இந்த ஒற்றைப் பதில் போதும். எண் சரிபார்ப்பு ஏபிஐயும் நல்லதுதான். ஓடிபியே இல்லாமல், இந்த போனில் இருப்பது இந்த எண்தான் என்று ஆபரேட்டரே உறுதி சொல்வார். அதில் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த வேண்டுகோள் மொபைல் டேட்டா வழியாகப் போக வேண்டும். பயனர் வீட்டு வைஃபையில் இருந்தால் அது நடக்காது. செயலி தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும்படி எழுத வேண்டும், இல்லையென்றால் மாற்று வழி வைத்திருக்க வேண்டும்.

குவாலிட்டி ஆன் டிமாண்ட் என்ற ஏபிஐயைத்தான் பலரும் நிரலாக்கம் என்றதும் நினைக்கிறார்கள். போன் எது, சர்வர் எது, எந்தத் தர வகை, எவ்வளவு நேரம் என்று அனுப்பினால் ஒரு செஷன் எண் வரும். முதலில் அதன் நிலை 'கேட்கப்பட்டது' என்று இருக்கும். பிறகு 'கிடைத்தது' அல்லது 'கிடைக்கவில்லை' என்று மாறும். அந்தக் கடைசிச் சொல்லை வைத்தே உங்கள் செயலியை வடிவமையுங்கள். நெரிசலான டவரில் இடம் இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு அழகாக நிரல் எழுதியிருந்தாலும் இல்லைதான். இந்தியாவில் இன்னொரு கேள்வியும் உண்டு. 2018-ல் இணையச் சமத்துவம் (எல்லா இணையப் போக்குவரத்தையும் பாரபட்சமின்றி நடத்துவது) ஆபரேட்டர்களின் உரிம நிபந்தனையிலேயே சேர்க்கப்பட்டது. சிறப்புச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு. பொது இணையத்தில் ஓடும் உங்கள் செயலிக்குக் காசு கொடுத்து முன்னுரிமை வாங்குவது அந்த விலக்குக்குள் வருமா என்று, ஒப்பந்தம் போடுவதற்கு முன் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஸ்லைஸ்

ஒரே நெட்வொர்க்கைப் பல தனி நெட்வொர்க்குகள் போலப் பிரித்துக் கொடுப்பது ஸ்லைஸ். அதன் அடையாள எண்ணில் 8 பிட் வகைக்கு, 24 பிட் அந்த வகைக்குள் வேறுபடுத்துவதற்கு. ஒரு போன் ஒரே நேரத்தில் எட்டு ஸ்லைஸ் வரை பயன்படுத்தலாம். ஜியோ தன் ஏர்ஃபைபர் சேவைக்கு ஸ்லைசிங்கைப் பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறது.

வாங்குபவரின் இடத்தில் நின்று பார்த்தால், ஸ்லைஸில் நிரல் எழுதும் ஆள் ஆபரேட்டர்; நீங்கள் எழுதுவது ஒப்பந்தம். அதில் தவறொன்றும் இல்லை. பத்து ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இதுதான் சரியான வழியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ரேடியோவில் எங்களுக்கென்று பிளாக்குகள் ஒதுக்கப்படுமா, அல்லது கோரில் மட்டும் தனிப்பாதையா? 3ஜிபிபி வரையறையில் ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் ரேடியோ பிளாக்குகளின் குறைந்தபட்ச விகிதம், அதிகபட்ச விகிதம், பிறர் தொட முடியாத ஒதுக்கீடு என மூன்றையும் தனித்தனியாக வைக்க இடமுண்டு. ஒப்பந்தத்தில் இந்த மூன்று எண்களும் இல்லையென்றால், நெரிசல் நேரத்தில் உங்கள் ஸ்லைஸ் மற்ற போன்களோடு வரிசையில் நிற்கும். இன்னொன்று, ஸ்லைஸுக்குத் தனித்தியங்கும் 5ஜி கோர் தேவை. 4ஜி கோரின் மேல் ஓடும் 5ஜி டவரில் இது கிடைக்காது. உங்கள் வளாகத்துக்கு அருகிலுள்ள டவர் எந்த வகை என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

சொந்த கோர்

என் மனம் அதிகம் சாய்வது இந்தப் பக்கம்தான். இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கையில் கிடைக்கும் அதிகாரமும் உண்மையானது.

திறந்த மூல கோர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவை ஓபன்5ஜிஎஸ், ஃப்ரீ5ஜிசி, ஓபன்ஏர்இன்டர்ஃபேஸின் கோர் ஆகியவை. முதல் இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு நடைமுறையில் தெரியும். ஓபன்5ஜிஎஸ் சி மொழியில் எழுதப்பட்டது. ஒரு நடுத்தர லேப்டாப்பிலேயே ஒரு பிற்பகலில் நிறுவிவிடலாம். பயனர் பாக்கெட்டுகளை அது 'டன்' (TUN) எனும் மெய்நிகர் இன்டர்ஃபேஸ் வழியாகப் பயனர்வெளியில், சாதாரண நிரலாகவே, கையாள்வதால் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. தைவானிலிருந்து வந்த ஃப்ரீ5ஜிசி கோ மொழியில் எழுதப்பட்டது. பாக்கெட்டுகளை லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே ஒரு தனி மாட்யூல் கையாள்கிறது. வேகம் கிடைக்கும், ஆனால் உபுண்டு கர்னல் தானாக அப்டேட் ஆனால் அந்த மாட்யூலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஆய்வகக் கணினியில் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைக்காவிட்டால் டெமோ நாளன்று கோர் எழாது. உரிமத்திலும் வேறுபாடு உண்டு. ஓபன்5ஜிஎஸ் ஏஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதை மாற்றி எழுதி வாடிக்கையாளருக்குச் சேவையாகத் தந்தால் மாற்றிய மூலத்தையும் தர வேண்டியிருக்கும். ஃப்ரீ5ஜிசி அப்பாச்சி உரிமம். அந்தக் கட்டாயம் இல்லை. கல்லூரிக்கு இது பொருட்டில்லை. பொருளாக விற்க நினைக்கும் ஸ்டார்ட்அப் முதல் நாளே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

கோரில் நிரல் எழுதுவதால் என்ன கிடைக்கும்? தொழிற்சாலை வண்டிகளுக்கு ஒரு ஸ்லைஸ், கேமராக்களுக்கு ஒன்று, ஊழியர்களின் டேப்லெட்டுக்கு ஒன்று என்று நீங்களே பிரிக்கலாம். வண்டியின் டேட்டா வளாகத்துக்குள்ளேயே யூபிஎஃப்பில், அதாவது டேட்டாவைக் கடத்தும் கோர் பகுதியில், இறங்கி, உள்ளூர் சர்வருக்குப் போய்த் திரும்பும். வெளியே போகவே போகாது. பெரும்பாலான தொழிற்சாலைகளுக்கு உண்மையில் வேண்டியது இந்த ஒன்றுதான். எந்த சிம், எந்த நேரத்தில், எந்த சர்வரை அடையலாம் என்பதைச் சில வரி பைத்தான் நிரலில் கொள்கையாக எழுதி, சந்தாதாரர் தரவுத்தளத்தை மாற்றி, அப்போதே சோதித்துப் பார்க்கலாம்.

கவனம் வேண்டிய இடங்களும் உண்டு. ஸ்லைஸ் அடையாளத்தை ஐந்து இடங்களில் ஒரே மாதிரி எழுத வேண்டும்: கோரின் பதிவுப் பகுதியான ஏஎம்எஃப், இணைப்புப் பகுதியான எஸ்எம்எஃப், ஸ்லைஸ் தேர்வுப் பகுதியான என்எஸ்எஸ்எஃப், பேஸ் ஸ்டேஷன் கோப்பு, சந்தாதாரர் பதிவு. அந்த 24 பிட் எண்ணை ஒரு மென்பொருள் ஹெக்ஸாகவும் (16 அடிமான எண்) இன்னொன்று தசம எண்ணாகவும் படிக்கும். 000010 என்று இரண்டிலும் எழுதினால் ஒன்றுக்கு அது 16, மற்றதற்கு 10. விளைவாக போன் பதிவாகாது. லாக்கில் காரணம் 62, அதாவது 'ஸ்லைஸ் எதுவும் இல்லை' என்று வரும். இதைத் தெரியாமல் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர்.

எம்டியூவும் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) அப்படித்தான். போனிலிருந்து வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பேஸ் ஸ்டேஷன் ஜிடிபி உறைக்குள் போட்டு அனுப்புகிறது. ஐபி 20 பைட், யூடிபி 8, ஜிடிபி 8, 5ஜியின் கூடுதல் தலைப்பு 8 என்று மொத்தம் 44 பைட் கூடும். 1500 பைட்டில் ஓடும் ஈதர்நெட்டில் அது இடிக்கும். பிங் ஓடும், சிறிய பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கும். ஓபன்5ஜிஎஸ் முன்னிருப்பாக 1400 என்று வைத்திருப்பது இதற்காகத்தான். அந்த எண்ணைக் கூட்டாதீர்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான எல்லை ஒன்று உண்டு. கோர் தருவது வேண்டுகோள், நிறைவேற்றுவது ரேடியோ. வண்டிக்கு 5க்யூஐ எனும் தர வகை எண் 82 என்று, அதாவது 10 மில்லிவினாடித் தாமத வரம்போடு, நீங்கள் குறிக்கலாம். நீங்கள் வாங்கிய சிறு பேஸ் ஸ்டேஷனின் ஷெட்யூலர் அதைப் பொருட்படுத்தாமல், 9-ஆம் வகை சாதாரண டேட்டாவைப் போலவே நடத்தினால் கோரில் எழுதிய நிரல் வீண். ஆகவே பேஸ் ஸ்டேஷன் வாங்கும்போது "5ஜி எஸ்ஏ ஆதரவு உண்டு" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடாதீர்கள். எந்த 5க்யூஐக்களை ஷெட்யூலர் உண்மையில் வேறுபடுத்துகிறது என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு போன்களை வைத்து, ஒன்றில் முழு வேகத்தில் டவுன்லோடு ஓடவிட்டு, மற்றதன் தாமதத்தை அளந்து பார்த்தபின் பணம் கொடுங்கள்.

அப்புறம் அலைக்கற்றை. இங்கேதான் நாட்டுக்கு நாடு முடிவு மாறுகிறது. ஜெர்மனியில் 3.7 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ளூர் நெட்வொர்க்குகளுக்கென்றே 2019 முதல் தருகிறார்கள். கட்டணச் சூத்திரமும் வெளிப்படையானது: 1 சதுர கிலோமீட்டர் தொழிற்பகுதிக்கு, முழு 100 மெகாஹெர்ட்ஸும் 10 ஆண்டுகளுக்கு எடுத்தால் கணக்கு 31,000 யூரோ வருகிறது. ஒரு நடுத்தரத் தொழிற்சாலைக்கு இது பெரிய தொகையில்லை. பிரிட்டன், ஜப்பான், அமெரிக்காவிலும் ஏதோ ஒரு விதத்தில் உள்ளூர் வழி இருக்கிறது. இந்தியாவில் 2022 ஜூனில் வெளியான தனியார் நெட்வொர்க் வழிகாட்டுதல்கள், ஆபரேட்டரின் ஸ்லைஸ், ஆபரேட்டர் அமைக்கும் தனி நெட்வொர்க், ஆபரேட்டரிடமிருந்து அலைக்கற்றைக் குத்தகை, அரசிடமிருந்து நேரடி ஒதுக்கீடு என்று நான்கு பாதைகளைக் காட்டின. நேரடி ஒதுக்கீட்டை நம்பித் திட்டம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குத்தகை பேசிக் கையெழுத்தாகும் வரை ரேடியோ பெட்டிகளுக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் போடவும் வேண்டாம். கோர் ஆய்வை அதுவரை நிறுத்தத் தேவையில்லை. யூஇரான்சிம் போன்ற சிமுலேட்டரை வைத்துக்கொண்டு, ஒரு ரேடியோ அலைகூட வெளியிடாமல் பாதி வேலையை முடிக்கலாம். நிஜ ரேடியோ வேண்டும் என்றால், சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் உருவாக்கி 2022 மே மாதம் தொடங்கப்பட்ட 5ஜி டெஸ்ட்பெட் இருக்கிறது. சொந்தமாகச் செலவு செய்யும் முன் அங்கே கேட்டுப் பார்ப்பது நல்லது.

ரிக்

ஓ-ரான் அலையன்ஸ் 2018-ல் தொடங்கியபோது சொன்ன கனவு பெரியது: எந்த நிறுவனத்தின் பேஸ் ஸ்டேஷனாக இருந்தாலும், மூன்றாம் நபர் எழுதிய செயலி அதை நடத்தும். பேஸ் ஸ்டேஷனும் ரிக்கும் பேசிக்கொள்ளும் இடைமுகத்துக்குப் பெயர் ஈ2. அளவீடுகளை வாங்க ஒரு சேவை மாதிரி, கட்டுப்பாட்டு ஆணைகள் அனுப்ப இன்னொரு சேவை மாதிரி.

ஆய்வகத்தில் இது அற்புதமான கருவி. ஓபன்ஏர்இன்டர்ஃபேஸின் ரேடியோ மென்பொருளோடு, பிரான்சின் யூரெகாமில் பிறந்த ஃப்ளெக்ஸ்ரிக்கை இணைத்தால், ஒவ்வொரு போனுக்கும் போகும் பிளாக்குகளை மாணவர் கண்ணெதிரே பார்க்கலாம். இரண்டு ஸ்லைஸ்களின் பங்கை ஓடும்போதே மாற்றி, வேகக் கோடு ஏறி இறங்குவதைக் காட்டலாம். புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் வராத புரிதல் அதில் வருகிறது.

தொழிற்சாலைக்கு? இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். ஈ2 ஆதரவு என்று இரண்டு வெண்டர்கள் சொன்னாலும், எந்தச் சேவை மாதிரியின் எந்தப் பதிப்பு, அதில் எந்தெந்த ஆணைகள் என்பதில் ஒத்துப்போவதில்லை. அளவீடு தருவார்கள், கட்டுப்பாட்டை மூடி வைத்திருப்பார்கள். ஒரு வெண்டருக்கு எழுதிய எக்ஸ்ஆப்பை அடுத்தவருக்கு மறுபடி எழுத நேரும். அடுத்தது, எக்ஸ்ஆப்புகளுக்குள் வரும் மோதல். மின்சாரம் மிச்சப்படுத்தும் செயலி ஆளில்லாத செல்லை அணைக்கப் பார்க்கும்; சுமையைச் சமன் செய்யும் செயலி அதே செல்லுக்கு போன்களை அனுப்பும். இரண்டும் அவரவர் அளவில் சரிதான். சேர்ந்து ஓடினால் போன்கள் இங்குமங்கும் ஹேண்டோவர் ஆகிக்கொண்டே இருக்கும். இந்த மோதலைத் தீர்க்கும் பகுதி ரிக் கட்டமைப்பில் இருக்க வேண்டும் என்று வரையறை சொல்கிறது. அது நம்பகமாக வேலை செய்வதை உங்கள் வளாகத்தில் நீங்களே சோதித்தாக வேண்டும். மூன்றாவது காரணம் எளிமையானது. நான்கைந்து செல்கள் மட்டும் உள்ள வளாகத்தில் ரிக் தீர்க்கும் பிரச்சினைகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. ஆயிரக்கணக்கான செல்களை நடத்தும் ஆபரேட்டருக்குத்தான் அதன் பலன்.

ஆபரேட்டர்களும் வினாடிக்கு மேற்பட்ட சுற்றில் ஓடும் ஆர்ஆப் பக்கமே முதலில் நகர்கிறார்கள். எரிக்சன் போன்ற பெரிய வெண்டர் தன் தானியக்கத் தளத்தை அதைச் சுற்றித்தான் அமைத்திருக்கிறது. வேகமான சுற்றைத் தங்கள் ஷெட்யூலருக்குள்ளேயே வைத்துக்கொள்ள வெண்டர்கள் விரும்புகிறார்கள். அவர்களது ரேடியோ நிபுணத்துவமும் போட்டி பலமும் அங்கேதான் இருக்கின்றன என்பதால் இது சீக்கிரம் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலைச் சந்தையை நினைத்துப் படிக்கும் மாணவர்கள் ஆர்ஆப் எழுதக் கற்றுக்கொள்வது நல்லது.

பாக்கெட் பாதை

பி4 மொழியில் ஸ்விட்ச் சிப்புக்கே நிரல் எழுதி யூபிஎஃப்பை அதில் ஏற்றும் வழியும் ஒன்று உண்டு. தொழில்நுட்பமாக அழகானது, ஏதர் என்ற திறந்த மூலத் திட்டத்தில் செய்தும் காட்டினார்கள். ஆனால் பி4 உலகம் பெரிதும் நம்பியிருந்த டோஃபினோ சிப்பின் அடுத்த தலைமுறையை இன்டெல் 2023 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. இன்று புதிதாகத் தொடங்குபவர் லினக்ஸ் கர்னலுக்குள் சிறு நிரல்களை ஓடவிடும் இபிபிஎஃப் பக்கம் போவதே நல்லது. சாதாரண சர்வர் போதும், கற்றது வேறு வேலைக்கும் உதவும்.

யாருக்கு எது

கட்டணச் செயலி நடத்துபவருக்கு சிம் ஸ்வாப், எண் சரிபார்ப்பு ஏபிஐக்களை இப்போதே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரே ஆபரேட்டரோடு நேரடியாக இணைக்காமல், பல ஆபரேட்டர்களைச் சேர்த்துத் தரும் நிறுவனம் வழியாகப் போங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லா நெட்வொர்க்கிலும் இருக்கிறார்கள்; ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் பாதுகாப்பு கொடுத்தால் மோசடிக்காரர் அடுத்த நெட்வொர்க்குக்கு நகர்வார்.

தொழிற்சாலைக்கு முதல் தேர்வு, ஆபரேட்டரின் அலைக்கற்றையோடு வளாகத்துக்குள் யூபிஎஃப் வைப்பது. கோர் முழுவதும் உங்களுடையதாக இருக்க வேண்டுமா என்பது இரவுப் பணியைப் பொறுத்தது. லினக்ஸும் ஐபியும் நன்றாகத் தெரிந்த இருவராவது சுழற்சியில் இருந்தால் சொந்த கோர். இல்லையென்றால் ஆபரேட்டரோ ஒருங்கிணைப்பாளரோ நடத்தட்டும். கொள்கை மாற்றும் திரையை மட்டும் உங்களுக்குத் தரச் சொல்லுங்கள். அதையும் திரையோடு விடாமல் ஏபிஐயாகவே கேளுங்கள். திரையில் ஒருவர் உட்கார்ந்து மாற்றுவது ஐம்பது சிம்முக்குச் சரி, ஐந்நூறுக்கு முடியாது. ஒரு வண்டிப்பாதை மாறும்போது உங்கள் உற்பத்தி மென்பொருளே நெட்வொர்க்கிடம் பேசி ஒதுக்கீட்டை மாற்றினால்தான் நிரலாக்கத்துக்குக் கொடுத்த காசுக்குப் பலன்.

கல்லூரிக்கு வரிசை முக்கியம். முதல் பருவத்தில் கோரும் சிமுலேட்டரும். அடுத்து ஒரு சிறு மென்பொருள் ரேடியோ. அதற்கு நல்ல கடிகாரத் துல்லியம் தரும் துணைக்கருவியையும் சேர்த்தே வாங்குங்கள், இல்லையென்றால் போன் செல்லைக் கண்டுகொள்ளவே மறுக்கும். அலைக்கற்றைக்குத் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் சோதனை உரிமம் கேட்கலாம். போன்களையும் முன்கூட்டியே சோதியுங்கள். ஐபோனில் 14 மாடலிலிருந்து தனியார் 5ஜி ஆதரவு உண்டு, ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் வேறுபடும். எக்ஸ்ஆப் அதற்கடுத்த பருவத்தில் வரட்டும். ரிக்கில் தொடங்கிவிட்டு கோர் புரியாமல் திணறும் குழுக்கள் பாவம். லாக்கில் வருவது ரேடியோ பிழையா பதிவுப் பிழையா என்றே அவர்களால் பிரித்தறிய முடிவதில்லை.

6ஜி வரட்டும் என்று காத்திருக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 2023-லேயே 6ஜிக்கான சட்டகத்தை வெளியிட்டுவிட்டது. 3ஜிபிபி ரிலீஸ் 20-ல் ஆய்வு, ரிலீஸ் 21-ல் முறையான வரையறை என்று திட்டம். கோருக்குள் சேவைகள் ஏபிஐயில் பேசும் முறை தொடரும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. எனவே அந்த அடுக்கில் இன்று கற்பதும் எழுதுவதும் வீணாகாது. ஈ2 சேவை மாதிரிகளோடு இறுகக் கட்டிய எக்ஸ்ஆப்புக்கு அந்த உத்தரவாதத்தை என்னால் தர முடியாது. ஆகவே ரிக் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், ஆதரிக்கும் ஈ2 சேவை மாதிரிகளின் பெயரையும் பதிப்பு எண்ணையும், கட்டுப்பாட்டு ஆணைகளின் முழுப் பட்டியலையும் பர்ச்சேஸ் ஆர்டரின் இணைப்பில் சேர்த்து வெண்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பின்னும் அந்தப் பட்டியல் சுருங்கக் கூடாது என்ற வரியும் அதில் இருக்கட்டும்.